அலைக்கு அடியில் கம்பி

மந்தைவெளியில் இரவு ஒன்பதரை. சிங்கப்பூரில் நடுநிசி. வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய மகனை வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறார் அம்மா. “சாப்ட்டியாப்பா?” என்கிறார். “ஆச்சும்மா, நீ மாத்திரை போட்டுட்டியா?” என்று பதில் வருகிறது. அடுத்த வாக்கியத்தில் மகனின் குரல் கரகரக்கிறது. அதற்கடுத்ததில் துண்டு துண்டாகிறது. அம்மா போனோடு பால்கனிக்கு வந்து திரையின் மூலையைப் பார்க்கிறார். கோடுகள் முழுசாக நிற்கின்றன. “எனக்கு ஃபுல் சிக்னல் இருக்கே, உனக்குத்தான் இல்ல போல” என்கிறார். அங்கே மகனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இருவர் சொல்வதும் உண்மை. இரண்டு பக்கமும் சிக்னல் இருக்கிறது. பழுது இடையில் எங்கோ.

அந்த ‘எங்கோ’ எது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் வந்ததில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி, போனைத் தொட்டால் உலகம் வருகிறது. தண்ணீர் வராத நாளில்தான் பூண்டி ஏரியும் செம்பரம்பாக்கம் ஏரியும் நினைவுக்கு வரும். குரல் உடைந்த இந்த இரவும் அப்படியொரு நாள்தான். அதே குரலின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

நாலு கோடு சொல்லும் சேதி

போனின் மூலையில் நிற்கும் கோடுகளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பக்கத்துத் தெரு டவரோடு போன் தொடர்பில் இருக்கிறது. அதற்கப்பால் நடப்பது எதுவும் அவற்றுக்குத் தெரியாது. அம்மாவின் குரல் காற்றில் போவது நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமத்தில் சில கிலோமீட்டர். டவரை அடைந்ததும் அது கண்ணாடி இழைக்குள் இறங்கிவிடும். சில இடங்களில் மைக்ரோவேவ் தட்டு வழியாக இன்னொரு டவருக்குத் தாவி, அங்கே இறங்கும். அதன்பின் சிங்கப்பூர் டவர் வரைக்கும் கம்பிதான். ‘வயர்லெஸ்’ என்கிறோமே, அந்தப் பயணத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வயர் இல்லாதது கிடையாது. போதாக்குறைக்கு ‘கிளவுட்’ என்று வேறு பெயர் வைத்துவிட்டார்கள். இந்தத் துறை செய்த பெரிய குழப்பம் அந்தப் பெயர்தான் என்பேன். மேகத்தில் எதுவும் இல்லை. எல்லாம் மண்ணுக்கும் கடலுக்கும் அடியில் கிடக்கிறது.

காற்றில் போகும் அந்தச் சில நூறு மீட்டரும் லேசுப்பட்டதல்ல. குரலை வினாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, அளவுகளைப் பூஜ்ஜியமும் ஒன்றுமாக எழுதி, அதை ரேடியோ அலையில் ஏற்றுகிறது போன். அலைவரிசை குறைவு, பேசுகிறவர்கள் அதிகம். அதனால் ஊரைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு டவர் வைத்து, ஒரே அலைவரிசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். கட்டத்தின் பெயர் ‘செல்’. செல்போன் என்ற பேர் வந்தது அதிலிருந்துதான்.

அம்மா வீட்டு வைஃபையில் பேசினால் சிக்கல் வேறு மாதிரி. காற்று பொதுச்சொத்து. ஒரே நேரத்தில் இரண்டு கருவிகள் பேசினால் இரண்டும் கெட்டுப்போகும். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளுக்கிடையே கணினிகளை ரேடியோவால் இணைத்தபோது இதே தொல்லை. கேபிள் போட வசதியில்லை, அலைவரிசையையோ எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் கண்ட வழி எளிமையானது. சொல்ல வேண்டியதைச் சொல், மோதிக் கெட்டுப்போனால் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி சொல். எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை மட்டும் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் முடிவுசெய். குறுகிய சந்தில் எதிரெதிரே வரும் இருவர், வழிவிடுவதற்காக ஒரே பக்கம் ஒதுங்கி மறுபடி முட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இருவரும் ஒரே அளவு நேரம் காத்திருந்தால் அதுதான் நடக்கும். சீட்டுக் குலுக்கினால் யாரோ ஒருவர் முந்திக்கொள்வார். அந்த அமைப்பின் பெயர் அலோஹாநெட். அதைப் படித்துத்தான் ராபர்ட் மெட்காஃப் 1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஈத்தர்நெட்டை வடிவமைத்தார். நம் அலுவலகக் கணினிகளின் முதுகில் செருகியிருக்கும் நீலக் கேபிள் அதன் வாரிசு. வைஃபை அதே குடும்பத்தின் இன்னொரு கிளை. அடுக்குமாடியில் முப்பது வீட்டு ரவுட்டர்கள் ஒரே நேரத்தில் பேசினால் உங்கள் வைஃபை ஏன் திணறுகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மதுரையில் ஒரு கல்யாணம்

டிரங்க் கால் காலத்தை ஞாபகம் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதிவுசெய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைத்ததும் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும். அந்த முறையில் சென்னைக்கும் மதுரைக்கும் இடையே ஒரு முழு இணைப்பையே உங்கள் இருவருக்கென்று ஒதுக்கிவிடுவார்கள். நீங்கள் பேசினாலும், அழுதாலும், பேச்சற்று நின்றாலும் அந்தப் பாதை உங்களுடையது. வேறு யாரும் நுழைய முடியாது. கட்டணம் எகிறியதில் ஆச்சரியம் இல்லை.

கணினி வலைப்பின்னல் வேறு வழியில் போகிறது. மதுரையில் கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து நூறு பேர் போக வேண்டும். பழைய முறை என்றால், தாம்பரத்திலிருந்து மாட்டுத்தாவணி வரை சாலையையே நமக்காக அடைத்துவிட்டு ஒரே பேருந்தில் போவது. புதிய முறையில் அவரவர் கையில் ஒரு பத்திரிகை. அதில் மண்டபத்தின் முகவரி. கிடைத்த வண்டியில் ஏறிக் கிளம்புகிறார்கள். விழுப்புரத்தில் ஒருவர் நின்று, “மதுரையா? அந்த வண்டியில ஏறுங்க” என்கிறார். திருச்சியில் இன்னொருவர். அவர்களுக்கு மண்டபம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அடுத்த வண்டி எது என்பது மட்டும் தெரியும். ஒரு வழியில் நெரிசல் என்றால் சிலரைத் திண்டுக்கல் பக்கமும் சிலரைப் புதுக்கோட்டை பக்கமும் திருப்பிவிடுவார்கள். முன்னால் கிளம்பியவர் பின்னால் வந்து சேரலாம். மண்டப வாசலில் சந்தனம் தருகிறவர் பட்டியலைப் பார்த்து எண்ணி, வரிசைப்படி உட்கார வைக்கிறார்.

விழுப்புரத்திலும் திருச்சியிலும் நின்றவர்கள்தான் ரவுட்டர்கள். விருந்தாளிகள்தான் பொட்டலங்கள். அம்மா அனுப்பும் ஒரு புகைப்படம் 3 எம்பி என்றால், அது 1,500 பைட் அளவுள்ள சுமார் இரண்டாயிரம் பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புகிறவர் எண், பெறுகிறவர் எண். ஆயிரக்கணக்கானோரின் பொட்டலங்கள் ஒரே சாலையில் கலந்து போவதால்தான் இணையம் இவ்வளவு மலிவு.

1960களில் இந்த யோசனை அமெரிக்காவில் பால் பாரனுக்கும் பிரிட்டனில் டொனால்டு டேவிஸுக்கும் தனித்தனியே தோன்றியது. ‘பாக்கெட்’ என்ற பெயர் டேவிஸ் வைத்தது. பாரனின் கவலை அணுகுண்டு: நடு நிலையம் ஒன்று தகர்ந்தாலும் சேதி போய்ச்சேர வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டு, இணையமே அணுப்போருக்காகக் கட்டப்பட்டது என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. அது சரியல்ல. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட், தூரத்து ஆய்வகங்கள் விலையுயர்ந்த கணினிகளைப் பங்குபோட்டுக்கொள்வதற்காகக் கட்டப்பட்டது. 1969 அக்டோபர் 29 இரவு லாஸ் ஏஞ்சலஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் கணினிக்கு ‘லாகின்’ என்று தட்டினார்கள். முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளான எல், ஓ போயின. மூன்றாவது எழுத்தில் எதிர்முனை படுத்துவிட்டது. ஆக, அந்த வலைப்பின்னலில் போன முதல் சேதி ‘லோ’. குரல் உடைவது அன்றே தொடங்கிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லலாம்.

கல்யாணக் கதைக்குத் திரும்புவோம். எண்ணிப் பார்த்தால் பெரியப்பாவைக் காணோம். வாசலில் நிற்பவர் சென்னைக்குப் போன் போட்டு, “அவர் வந்து சேரல, மறுபடி அனுப்புங்க” என்கிறார். உவமை இங்கே கொஞ்சம் இடிக்கிறது. பெரியப்பாவுக்கு நகல் கிடையாது, பொட்டலத்துக்கு உண்டு. அனுப்பிய கணினி ஒரு பிரதியை வைத்திருக்கும். ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் வரும்வரை அழிக்காது. 1974இல் விண்ட் செர்ஃபும் பாப் கானும் எழுதிய டிசிபி என்ற விதித்தொகுப்பின் சாரம் இது. 1983 ஜனவரி 1 முதல் ஆர்பாநெட் முழுக்க இதற்கு மாறியது. அந்த விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வழியில் நிற்கும் ரவுட்டர் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. நெரிசல் மிஞ்சினால் பொட்டலத்தைக் கீழே போட்டுவிடும். யாரிடமும் மன்னிப்புக் கேட்காது. சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் இரண்டு முனைகளுக்கும்தான். நடுவில் இருப்பது முட்டாளாக இருக்கலாம், முனைகள் புத்திசாலியாக இருந்தால் போதும் என்ற துணிச்சலான முடிவு அது.

புகைப்படத்துக்கு இது சரி. ஒரு வினாடி தாமதமானால் குடிமுழுகாது. பேச்சுக்குச் சரிப்படாது. ஆறேமுக்காலுக்கு முகூர்த்தம் என்றால், வழியில் பஞ்சரான பெரியப்பாவுக்காகத் தாலி கட்டுவதை நிறுத்த முடியுமா? நேரடிப் பேச்சில் வராத பொட்டலத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அந்த முறைக்கு யுடிபி என்று பெயர். விட்டுப்போன இடம்தான் நம் காதில் கரகரப்பாகவும் வெட்டாகவும் கேட்கிறது. மகன் அனுப்பிய போட்டோ பழுதில்லாமல் வந்து சேரும் அதே நிமிடத்தில் அவன் குரல் உடைவது இதனால்தான். இணைப்பு ஒன்றுதான், ஒன்று காத்திருக்கிறது, மற்றது காத்திருப்பதில்லை.

பெயரும் வழியும்

எண்களை நாம் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டோம். பெயரைத் தட்டினால் எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ் என்ற ஏற்பாட்டை 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். அதோடு, ‘இந்த எண்களுக்குப் போக என் வழியாக வாருங்கள்’ என்று நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் பிஜிபி என்ற ஏற்பாடும் உண்டு. ஒழுங்காக நடக்கும்வரை இவை இருப்பதே தெரியாது.

2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்கு மேல் தெரிந்தது. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளையால், மூன்றையும் நடத்தும் நிறுவனத்தின் உள் இணைப்புகள் அறுந்தன. ‘என் வழியாக வாருங்கள்’ என்ற அறிவிப்பு உலகத்திலிருந்து மறைந்தது. சர்வர்கள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அங்கே போகும் வழி மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரம். அந்த இரவு போனை எத்தனை பேர் அணைத்து அணைத்துப் போட்டார்களோ.

இதற்கு நேரெதிரான கூத்து 2008 பிப்ரவரி 24 அன்று. தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் எண்களுக்குத் தானே வழி என்று அறிவித்துக்கொண்டது. அறிவிப்பு நாட்டெல்லையைத் தாண்டிக் கசிந்தது. விழுப்புரத்தில் யாரோ ஒருவர் ‘மதுரைக்கு இதுதான் கிட்ட வழி’ என்று கத்த, எல்லா வண்டிகளும் ஒரு முட்டுச்சந்துக்குள் திரும்பியது போல, உலகத்து யூடியூப் பொட்டலங்கள் பாகிஸ்தானுக்குள் போய் மறைந்தன. சரிசெய்ய இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஒருவர் சொல்வதை இன்னொருவர் நம்புவதில்தான் இந்த ஏற்பாடு நிற்கிறது. கையெழுத்துப் போட்டுச் சரிபார்க்கும் முறைகள் பிறகு வந்தன. எல்லோரும் இன்னும் சேரவில்லை.

கடற்கரை மணலுக்குக் கீழே

அம்மாவின் குரல் இப்போது சென்னைக் கடற்கரைக்கு வந்துவிட்டது. காந்தி சிலையைச் சுற்றிச் சுண்டல் விற்கிறார்கள், குதிரை ஓடுகிறது, பட்டம் பறக்கிறது. இந்த நகரத்தின் மணலுக்கு அடியில் கருப்புக் குழாய்களாகக் கடலுக்குள் இறங்கும் கேபிள்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த வழி புதிதல்ல. 1870-71இல் மதராஸிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி போட்டார்கள். செம்புக் கம்பிக்கு மேலுறை கட்டா பெர்ச்சா என்ற மலாய்க்காட்டு மரத்தின் பால். உப்புநீரில் கெடாத பொருளாக அன்று பெரும்பாலும் நம்பப்பட்டது அதுதான். அதற்காகக் காடுகளை வெட்டித் தீர்த்தார்கள். இன்று பாலித்தீன் உறை, உள்ளே கண்ணாடி. கடல் அதே கடல், ஊர் அதே ஊர்.

கம்பிக்கும் நமக்கும் இன்னொரு பழைய தொடர்பும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் துறைமுகத்துக்கு வெளியே நின்று எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை நம் ஊர் மறக்கவில்லை. ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோம். அந்தக் கப்பல் எப்படி முடிந்தது என்பதைப் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். நவம்பர் 9 அன்று அது கோக்கோஸ் தீவுகளில் இருந்த கடலடித் தந்தி நிலையத்தை அழிக்கப் போனது. நிலையத்து ஊழியர்கள் ‘அந்நியக் கப்பல் வருகிறது’ என்று கம்பியில்லாத் தந்தியில் தகவல் கொடுத்துவிட்டார்கள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து எம்டனை நொறுக்கியது. கம்பியை வெட்டப் போன எம்டனைக் காட்டிக்கொடுத்தது கம்பியில்லாத் தந்தி.

இன்றைய கேபிளுக்கு வருவோம். சென்னையையும் சிங்கப்பூரையும் நேராக இணைக்கும் ஐ2ஐ கேபிள் 2002இல் வந்தது. நீளம் சுமார் 3,200 கி.மீ. 2004இல் டிஐசி. அடுத்து, சிங்கப்பூரிலிருந்து சென்னை, மும்பை எல்லாம் தொட்டு பிரான்சின் மார்செய் வரை போகும் சீ-மீ-வீ 4. பின்னும் பல. 2006இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்பை ஒட்டிய கல்கிசைக்கு ஒரு கேபிள் போனது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் தந்த கணக்கின்படி இந்தியாவுக்கு வரும் பன்னாட்டுக் கடலடிக் கேபிள்கள் 17; அவை கரையேறும் நிலையங்கள் 14. மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் என ஐந்தே ஊர்கள். 140 கோடிப் பேரின் வெளிநாட்டுப் பேச்சு பெரும்பாலும் இந்த ஐந்து வாசல் வழியாகத்தான் போய் வருகிறது.

ஆழ்கடலில் ஒரு கேபிளின் பருமன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் அளவுதான். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கண்ணாடி இழையும் தலைமுடியைவிடச் சற்றே தடிமன். ஒளி ஓடும் நடுப்பகுதி அதிலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணாடி வழியாக ஒளியை வெகுதூரம் அனுப்பலாம், அழுக்கை நீக்கினால் போதும் என்று 1966இல் சொன்னவர் சார்லஸ் காவ். அப்போதிருந்த கண்ணாடியில் சில பத்து மீட்டரிலேயே ஒளி செத்துப்போனது. சொன்னதைப் பலர் நம்பவில்லை. 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில் 100 கி.மீ. போன பிறகும் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சுகிறது. அதை அங்கேயே பெருக்கி அனுப்ப, 60 முதல் 100 கி.மீ.க்கு ஒன்றாகக் கடலடியில் பெருக்கிகள் கிடக்கின்றன. அவற்றுக்கு மின்சாரம் கரையிலிருந்து அதே கேபிளுக்குள் உள்ள செம்பு வழியாக, பல ஆயிரம் வோல்ட்டில் போகிறது. ஒரே இழையில் பல ‘நிறங்களில்’ ஒளியை அனுப்பி, நிறத்துக்கொரு தனிப் பாதையாக்குகிறார்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு நிறங்கள் அவை.

கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது. அம்மாவின் ‘சாப்ட்டியாப்பா’ சிங்கப்பூர்க் கரையைத் தொட 16 மில்லி வினாடி, பதில் திரும்ப இன்னொரு 16. கண் இமைக்க அதைவிட நேரமாகும். வாட்ஸ்அப் அழைப்பு சில நேரம் நேராகவும் சில நேரம் நிறுவனத்தின் சர்வரைத் தொட்டும் போகும் என்பதால் நிஜக் கணக்கு இதைவிடக் கூடும்.

நாம் போனில் பார்ப்பதெல்லாம் கடல் தாண்டி வருகிறது என்றும் நினைத்துவிடக் கூடாது. அடிக்கடி கேட்கப்படும் பாட்டையும் படத்தையும் நிறுவனங்கள் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் உள்ள டேட்டா சென்டர்களில் பிரதி எடுத்து வைத்திருக்கின்றன. நேற்று வெளியான பாட்டு உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் பக்கத்திலிருந்துதான். ஒரு காலத்தில் நிலைமை வேடிக்கையாக இருந்தது. ஒரே தெருவில் இருவர், இரண்டு நிறுவனங்களின் இணைப்பு. ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல் அமெரிக்கா போய்த் திரும்பி எதிர்வீட்டுக்கு வரும். இங்கேயே மாற்றிக்கொள்வதற்காக 2003இல் நிக்ஸி என்ற பரிமாற்ற மையத்தைத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சுற்று குறைந்தது.

அறுந்தால்

உலகில் ஆண்டுக்கு 150 முதல் 200 முறை கடலடிக் கேபிள்கள் பழுதாகின்றன. சுறா கடிக்கிறது என்று வீடியோ போடுவார்கள். நம்ப வேண்டாம், அதெல்லாம் கணக்கில் சேராது. பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம் மீன்பிடி வலைகளும் கப்பல் நங்கூரங்களும்தான். மிச்சம் நிலநடுக்கம், எரிமலை, தேய்மானம். 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவில் இணையம் தவழ்ந்தது. 2022 ஜனவரியில் கடலடி எரிமலை வெடித்து டோங்கா நாட்டின் ஒரே பன்னாட்டுக் கேபிளை அறுத்தது. அந்த நாடு ஐந்து வாரங்கள் ஏறத்தாழ உலகத்திலிருந்து துண்டுபட்டுக் கிடந்தது. ஒரே வாசல் உள்ள வீட்டின் நிலை அது. சென்னைக்குப் பல வாசல்கள் இருப்பதால் ஒன்று அறுந்தால் பொட்டலங்கள் மற்றொன்றுக்குத் திரும்பும். ஆனால் அங்கே நெரிசல் கூடும், ரவுட்டர்கள் பொட்டலங்களைக் கீழே போடத் தொடங்கும். மந்தைவெளியில் கோடுகள் முழுசாக நிற்க, குரல் மட்டும் உடைவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கரைக்குப் பக்கத்தில் கேபிளுக்கு எஃகுக் கம்பிக் கவசம் சுற்றி, கடல்தரையில் புதைக்கிறார்கள். அப்படியும் விசைப்படகின் இழுவை மடியில் மாட்டுவது உண்டு. மாட்டினால் கேபிளை வெட்டாதே, வலையை அறுத்துவிடு என்பதுதான் மீனவர்களுக்கான அறிவுரை. உள்ளே ஓடுவது பல ஆயிரம் வோல்ட், சரியான அறிவுரைதான். ஒரு மடியின் விலை என்ன, அதற்கு வாங்கிய கடன் என்ன என்பது அறிவுரை சொல்கிறவருக்குத் தெரிந்திருந்தால் இன்னும் சரியாக இருக்கும்.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை அழகானது. கரையிலிருந்து இழைக்குள் ஒரு சிறு ஒளித்துடிப்பை அனுப்புகிறார்கள். முறிவில் பட்டு அது திரும்பி வரும் நேரத்தை அளக்கிறார்கள். வினாடிக்கு 2 லட்சம் கி.மீ. என்ற கணக்கில், ஒரு மில்லி வினாடியில் திரும்பினால் முறிவு 100 கி.மீ. தூரத்தில். கேபிள் கப்பல் அங்கே போகிறது. ஆயிரக்கணக்கான மீட்டர் கயிற்றில் கொக்கியைக் கட்டி இறக்கி, கடல்தரையைத் துழாவி, கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டியால் எடுப்பதுபோல் கேபிளைத் தூக்குகிறார்கள். ஒரு முனையை மிதவையில் கட்டிவிட்டு, மறுமுனையைத் தேடுகிறார்கள். பிறகு கப்பலின் உள்ளறையில் உட்கார்ந்து, முடியளவு கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக உருக்கி ஒட்டுகிறார்கள். கடல் கொந்தளித்தால் எல்லாம் நிற்கும். 150 ஆண்டுகளுக்கு முன் தந்திக் கம்பியைத் தூக்கியதும் இதே கொக்கி வேலைதான்.

சேட்டிலைட் இருக்கிறதே?

இதைக் கேட்காத ஆள் இல்லை. பதில் அந்தமானில் இருக்கிறது. 2020 வரை அந்தத் தீவுகள் வெளியுலகத்துக்குப் பெரும்பாலும் சேட்டிலைட்டைத்தான் நம்பியிருந்தன. பூமியோடு சேர்ந்து சுற்றும் சேட்டிலைட் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. ஏறி இறங்கவே கால் வினாடி, கேள்வியும் பதிலும் சேர்ந்தால் அரை வினாடி. தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அங்கே கிடைத்த கொள்ளளவு குறைவு, விலை அதிகம். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மேலும் ஏழு தீவுகளுக்கும் கேபிள் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கி.மீ., செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். சில லட்சம் மக்களுக்கு இவ்வளவு செலவா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது நன்றாகச் செலவழித்த பணம். இன்று சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் கூட்டமாகச் சுற்றும் சேட்டிலைட்டுகள் தாமதத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன. மலையிலும் நடுக்கடலிலும் அவை பெரிய உதவி. ஆனால் கண்டம் விட்டுக் கண்டம் போகும் தரவில் 95 சதவீதத்துக்கு மேல் இன்னும் கடலடியில்தான் போகிறது.

கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது அந்தச் சேவை கிடைத்த நகரங்களில் மதராஸும் இருந்தது. தொலைபேசிக் கம்பியில் கீச்சிடும் மோடம், வினாடிக்கு 9.6 கிலோபிட். அம்மா இன்று அனுப்பும் அந்த 3 எம்பி புகைப்படம் அன்று போய்ச்சேர 40 நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அங்கிருந்து இங்கே வந்திருக்கிறோம். சந்தோஷப்பட வேண்டியதுதான்.

ஆனால் 2023 ஜூனில் டிராய் வெளியிட்ட அதே ஆவணத்தில் இன்னொரு தகவலும் இருந்தது. கடலடிக் கேபிளைப் பழுதுபார்க்க இந்தியக் கொடி பறக்கும் கப்பல் அப்போது ஒன்றுகூட இல்லை. அறுந்தால் வெளிநாட்டுக் கப்பலைக் கூப்பிட வேண்டியிருந்தது. அது நம் கடலுக்குள் வர ஒன்றன்பின் ஒன்றாகப் பல துறைகளின் அனுமதி தேவைப்பட்டது. சொந்தக் கப்பல் வேண்டும் என்று டிராயும் சொன்னது. உலகிலேயே மலிவான டேட்டா எங்களுடையது என்று மேடைக்கு மேடை பேசுகிற நாடு, அந்த டேட்டா ஓடும் கம்பியைத் தூக்கிக் கட்ட அன்று ஒரு கப்பல்கூட வைத்திருக்காதது சிக்கனமல்ல, அசட்டை.